லாரி என்ஜினும் ஸ்போர்ட்ஸ் கார் என்ஜினும்: எண்களைப் படித்து வண்டி வாங்கவும் ஓட்டவும் ஒரு வழிகாட்டி

காரைக்குடி வட்டாரத்தில் முதல் லாரி வாங்க முனைகிறவர்களில் பலர், விவரத் தாளைக் கையில் வாங்கியதும் குதிரைத்திறன் எவ்வளவு என்பதைத்தான் முதலில் தேடுகிறார்கள். காரையும் பைக்கையும் பற்றிப் பேசிப் பழகியவர்களுக்கு அது இயல்பான பழக்கம். ஆனால் அந்த எண் தனியாக நின்றால் அதற்குப் பொருள் குறைவு. என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழலும்போது (இனி இதைச் சுழற்சி என்றே சொல்வோம்) அந்தத் திறன் கிடைக்கிறது, அதை எவ்வளவு நேரம் இடைவிடாமல் கேட்கலாம் என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் லாரி என்ஜினை ஏன் ஒரு விதமாகவும் ஸ்போர்ட்ஸ் கார் என்ஜினை ஏன் வேறு விதமாகவும் அமைக்கிறார்கள் என்பது விளங்கும். அது விளங்கிவிட்டால், புதுவயல் ஆலைகளிலிருந்து கேரளத்துக்கு அரிசி ஏற்றுகிறவரானாலும், ஆத்தங்குடியிலிருந்து தரைக்கற்களை ஏற்றுகிறவரானாலும், எந்த வண்டி தம் தொழிலுக்குப் பொருந்தும், அதை எப்படி ஓட்ட வேண்டும், பட்டறையில் யாராவது "கொஞ்சம் பம்பை ஏற்றிவிடலாமா?" (அதாவது, என்ஜினுக்குப் போகும் டீசலைக் கூட்டிவிடலாமா) என்று கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் தாமே தீர்மானித்துக்கொள்ளலாம்.

ஒரே திறன், இரண்டு என்ஜின்கள்

ஒப்பிடுவதற்கு வசதியாக, ஏறத்தாழ ஒரே திறனுள்ள இரண்டு என்ஜின்களை எடுத்துக்கொள்வோம். 2021-இல் வந்த போர்ஷே 911 ஜிடி3 காரில் 4 லிட்டர் பெட்ரோல் என்ஜின் இருக்கிறது. அது 8,400 சுழற்சியில் 510 குதிரைத்திறனும், 6,100 சுழற்சியில் 470 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் (அச்சைத் திருகிச் சுழற்றும் விசை) தருகிறது. 9,000 சுழற்சி வரை போகிறது. வோல்வோ எஃப்எச் லாரியின் 13 லிட்டர் டீசல் என்ஜினில் 500 குதிரைத்திறன் வகை ஒன்று உண்டு. அதன் திறன் 1,800 சுழற்சிக்குள் முடிந்துவிடுகிறது. ஆனால் முறுக்குவிசை 2,500 நியூட்டன் மீட்டர், அதுவும் 1,000 சுழற்சியை ஒட்டியே கிடைத்துவிடுகிறது. திறன் கிட்டத்தட்ட சமம். முறுக்குவிசை ஐந்து மடங்குக்கு மேல். சுழற்சி ஐந்தில் ஒரு பங்கு.

இந்த மூன்று எண்களும் ஒன்றையொன்று சார்ந்தவை. முறுக்குவிசையைச் சுழற்சியால் பெருக்கி 7,024-ஆல் வகுத்தால் அந்தச் சுழற்சியில் கிடைக்கும் குதிரைத்திறன் வரும். கைக்கணக்குக்கு 7,000 என்றே வைத்துக்கொள்ளலாம். நம் சாலைகளில் அன்றாடம் காணக்கூடிய ஒன்றை எடுத்து இதைப் பழகிக்கொள்ளுங்கள். டாடாவின் கனரக லாரிகளில் வரும் கம்மின்ஸ் 6.7 லிட்டர் என்ஜினின் 250 குதிரைத்திறன் வகைக்கு 950 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, 1,000 முதல் 1,800 சுழற்சி வரை. 950-ஐ 1,000-ஆல் பெருக்கி 7,000-ஆல் வகுத்தால் 136. 1,500 சுழற்சிக்கு 204. அதாவது என்ஜின் பாதி வேகத்தில் உறுமிக்கொண்டிருக்கும்போதே பெயர்ப்பலகையில் உள்ள திறனில் பாதிக்கு மேல் கைக்கு வந்துவிடுகிறது. ஜிடி3 என்ஜின் 1,500 சுழற்சியில் 300 நியூட்டன் மீட்டர் தருவதாகத் தாராளமாக வைத்துக்கொண்டால்கூட, அங்கே கிடைப்பது 64 குதிரைத்திறன்தான். மீதியெல்லாம் மேலே, 6,000-க்கும் 9,000-க்கும் இடையில் இருக்கிறது.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைக் களைந்துவிட வேண்டும். "பாரம் இழுப்பது முறுக்குவிசை, வேகம் கொடுப்பது குதிரைத்திறன்" என்று லாரி நிற்கும் இடங்களிலெல்லாம் சொல்லப்படுகிறது. கணக்கு அதை ஏற்பதில்லை. கியர் வைத்து முறுக்குவிசையை எவ்வளவு வேண்டுமானாலும் பெருக்கிக்கொள்ளலாம். திறனைப் பெருக்க எந்தக் கியராலும் முடியாது. இவ்வளவு எடையை இந்த மேட்டில் இந்த வேகத்தில் ஏற்ற வேண்டும் என்றால் இவ்வளவு குதிரைத்திறன் தேவை என்பது என்ஜின் எதுவானாலும் மாறாது. ஆகவே 510 குதிரைத்திறன் ஜிடி3 என்ஜினும், பொருத்தமான கியர்ப்பெட்டி கிடைத்தால், 40 டன்னை இழுத்துவிடும். ஆனால் அதற்காக அது நாள் முழுதும் 8,000 சுழற்சிக்கு மேல் அலறிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படி ஓடினால் அதன் ஆயுள் என்ன ஆகும், எவ்வளவு எரிபொருள் குடிக்கும், கிளட்ச் எத்தனை முறை கருகும் என்பவைதான் உண்மையான கேள்விகள். லாரி என்ஜினின் அமைப்பு முழுவதும் அவற்றுக்கான பதிலாகவே உருவாகியிருக்கிறது.

உலோகம் எதை எதிர்த்து நிற்கிறது

பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் சராசரி வேகத்தை நீங்களே கணக்கிடலாம். விவரத் தாளில் "ஸ்ட்ரோக்" (பிஸ்டன் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நகரும் தூரம்) என்று மில்லிமீட்டரில் கொடுத்திருப்பதைச் சுழற்சியால் பெருக்கி 30,000-ஆல் வகுத்தால், வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று வந்துவிடும். ஜிடி3-க்கு ஸ்ட்ரோக் 81.5 மி.மீ.; 9,000 சுழற்சியில் வினாடிக்கு 24 மீட்டரைத் தாண்டுகிறது. வோல்வோவுக்கு 158 மி.மீ.; 1,800 சுழற்சியில் ஒன்பதரை மீட்டர். கம்மின்ஸுக்கு 124 மி.மீ.; 2,300 சுழற்சியில் அதுவும் ஒன்பதரை மீட்டர்தான். கம்பெனி வேறு, அளவு வேறு, ஆயினும் இரண்டு லாரி என்ஜின்களும் ஒரே இடத்தில் வந்து நிற்பது தற்செயல் அன்று. நெடுங்காலம் தேயாமல் ஓட வேண்டிய என்ஜினுக்குப் பிஸ்டன் வேகத்தில் ஒரு வரம்பு உண்டு என்பது இத்தொழிலில் அனுபவத்தால் நிலைபெற்ற செய்தி.

வேகத்தைவிட முக்கியமானது, ஒவ்வொரு கோடியிலும் பிஸ்டன் நின்று திரும்பும்போது ஏற்படும் இழுப்பு. அது சுழற்சியின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. சுழற்சி ஐந்து மடங்கானால் இழுப்பு இருபத்தைந்து மடங்கு. ஸ்ட்ரோக் பாதியாக இருப்பதால் அது ஏறத்தாழ பதின்மூன்று மடங்காகக் குறைகிறது. அப்படியும், ஜிடி3-யின் பிஸ்டனில் உள்ள ஒவ்வொரு கிராமும் லாரிப் பிஸ்டனில் உள்ள கிராமைவிடப் பதின்மூன்று மடங்கு கடுமையாக, பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடைப் பிய்க்கிறது. அதனால்தான் அந்தக் காரில் கனெக்டிங் ராடை டைட்டானியத்தில் செய்கிறார்கள். பிஸ்டனை இயன்றவரை இலேசாகவும் குட்டையாகவும் செய்கிறார்கள். பிளாக்கை அலுமினியத்தில் அமைக்கிறார்கள்.

லாரி என்ஜினுக்குத் தொல்லை வேறு திசையிலிருந்து வருகிறது. டர்போ அடைத்துத் தரும் காற்றைப் பதினேழு, பதினெட்டு மடங்கு அழுத்தி, அதில் டீசலைப் பீய்ச்சி எரிக்கும்போது, பெரிய லாரி என்ஜினின் சிலிண்டருக்குள் அழுத்தம் 200 பாரைத் (ஒரு பார் என்பது ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்) தொடுகிறது. 131 மி.மீ. விட்டமுள்ள ஒரு பிஸ்டன் மீது அது ஏறத்தாழ 27 டன் விசை. பத்துச் சக்கர லாரி ஒன்றின் சட்டப்படியான மொத்த எடை, 2018-இல் உயர்த்தப்பட்ட பிறகு, 28.5 டன். அதாவது பாரத்தோடு நிற்கும் லாரி முழுவதும் ஒரே பிஸ்டனின் தலையில் ஏறி உட்காருவதைப் போன்ற விசை. 1,500 சுழற்சியில் ஒவ்வொரு பிஸ்டனும் அதை நிமிடத்துக்கு 750 முறை வாங்குகிறது. இதைத் தாங்க வார்ப்பிரும்பு பிளாக், தடித்த கிராங்க், அகலமான பேரிங், பெரிய என்ஜின்களில் எஃகுப் பிஸ்டன், தேய்ந்தால் கழற்றி மாற்றக்கூடிய லைனர் (சிலிண்டரின் உள்ளுறை) என்று எல்லாமே கனத்துப் போகின்றன. கனத்த பாகங்களை 9,000 சுழற்சிக்குக் கொண்டுபோக முடியாது. இலேசான பாகங்களால் 200 பாரைத் தாங்க முடியாது. இரண்டையும் ஒரே என்ஜினில் எதிர்பார்ப்பவர்கள் இந்த இடத்தைத்தான் கவனிக்கத் தவறுகிறார்கள்.

எரிவதற்கு வேண்டிய நேரம் அடுத்த காரணம். பெட்ரோல் முன்பே காற்றோடு கலந்து வருவதால், பொறி பட்டதும் தீ விரைந்து பரவுகிறது. டீசல் அப்படியன்று; நாசிலிலிருந்து பீய்ச்சிய பிறகுதான் துளிகள் ஆவியாகிக் காற்றோடு கலந்து எரிய வேண்டும். கிராங்க் 40 பாகை திரும்புவதற்குள் முக்கியமான எரிதல் நடந்தாக வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 1,500 சுழற்சியில் அதற்கு 4.4 மில்லி வினாடி கிடைக்கிறது. 9,000 சுழற்சியில் 0.74 மில்லி வினாடிதான். டீசல் என்ஜினை அந்த வேகத்துக்கு விரட்டினால் எரியாத எரிபொருள் கரும்புகையாக வெளியேறும். டீசல் மெதுவாகச் சுற்ற வேண்டியதாயிற்று. மெதுவாகச் சுற்றிக்கொண்டே திறன் தர வேண்டுமானால் ஒவ்வொரு சுழற்சியிலும் அதிகக் காற்றும் அதிக எரிபொருளும் செல்ல வேண்டும். ஆகவே பெரிய சிலிண்டரும் டர்போவும் வந்து சேர்ந்தன.

வால்வு திறந்து மூடும் நேரமும் இதே வழியில் பிரிகிறது. 8,000 சுழற்சியில் காற்று பாய்ந்து வரும் வேகத்தைப் பயன்படுத்திக்கொள்ள, ஸ்போர்ட்ஸ் காரின் உள்ளிழுக்கும் வால்வை வெகுநேரம் திறந்து வைத்து, பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கிய பின்னும் தாமதித்து மூடுகிறார்கள். குறைந்த சுழற்சியில் காற்றுக்கு அந்த வேகம் இல்லாததால், உள்ளே வந்த காற்றில் ஒரு பகுதியைப் பிஸ்டன் திரும்ப வெளியே தள்ளிவிடுகிறது. கீழ்ச்சுழற்சியில் அந்த என்ஜின் சோர்ந்து தெரிவதற்கு இது ஒரு காரணம். வால்வு நேரத்தை ஓட்டத்தின்போதே மாற்றும் அமைப்புகள் அந்தச் சோர்வைக் குறைக்கின்றன, முற்றிலும் நீக்குவதில்லை. லாரியில் வால்வை விரைவாக மூடி, சிறிய சுழலியுள்ள டர்போவைப் பொருத்தி, 1,000 சுழற்சியை ஒட்டியே சிலிண்டர் நிறையுமாறு செய்கிறார்கள். மேல்சுழற்சியில் மூச்சு முட்டினாலும் பரவாயில்லை என்று விட்டுவிடுகிறார்கள்.

எவ்வளவு நேரம் இழுக்க வேண்டும்

ஒன்றரை டன்னுக்குள் எடையுள்ள ஸ்போர்ட்ஸ் கார் திருமயம் சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகும்போது அதற்குத் தேவைப்படுவது ஏறத்தாழ 20 குதிரைத்திறன். மீதி 490-ஐயும் அது முந்திச் செல்லும் சில வினாடிகளுக்கும், பந்தயத் தடத்தின் நேர்ப்பகுதிக்கும் வைத்திருக்கிறது. 28.5 டன் லாரி சமதளத்தில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகவே 80 குதிரைத்திறனுக்குமேல் கேட்கிறது. அரிசியோடு லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி மலைப்பாதையில் ஏறும்போது, நூற்றுக்கு 6 என்ற ஏற்றத்தில், வெறும் 20 கிலோமீட்டர் வேகத்துக்கே 160 வேண்டும். 250 குதிரைத்திறன் வண்டியில் அது மூன்றில் இரண்டு பங்கு. மலை முடியும்வரை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். காரின் ரேடியேட்டரும் ஆயில் குளிர்விப்பானும் வினாடிக்கணக்கில் வரும் வெப்பத்தைக் கருதி அமைந்தவை. லாரியினுடையவை மணிக்கணக்கில் வரும் வெப்பத்துக்கு ஈடுகொடுக்க வேண்டியவை. ஆயுளும் அப்படியே. கனரக லாரி என்ஜின் திறந்து பழுது பார்க்காமலே பல லட்சம் கிலோமீட்டர் ஓட வேண்டும் என்று உரிமையாளர் எதிர்பார்க்கிறார், எதிர்பார்ப்பதில் தவறுமில்லை.

எரிபொருள் செலவு இதோடு சேர்கிறது. லாரித் தொழிலில் ஓட்டச் செலவின் மிகப்பெரிய பங்கு டீசல்தான். நல்ல லாரி என்ஜின் எரிபொருளின் ஆற்றலில் 40 சதவீதத்துக்கு மேல் வேலையாக மாற்றுவது குறைந்த சுழற்சியில், நல்ல பாரத்தில் மட்டுமே. சுழற்சி கூடக் கூட உராய்வே திறனைத் தின்றுவிடுகிறது.

விவரத் தாளை எப்படிப் படிப்பது

முறுக்குவிசை எந்தச் சுழற்சியில் தொடங்கி எங்கே முடிகிறது என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். "950" என்பதைவிட "1,000 முதல் 1,800 வரை" என்பதே பெரிய செய்தி. அடுத்து, உச்சத் திறன் கிடைக்கும் சுழற்சியில் முறுக்குவிசை எவ்வளவு என்று கணக்கிடுங்கள். 250-ஐ 7,000-ஆல் பெருக்கி 2,300-ஆல் வகுத்தால் 761. உச்ச முறுக்குவிசை 950. அதாவது சுழற்சி இறங்க இறங்க முறுக்குவிசை ஏறத்தாழ 25 சதவீதம் கூடுகிறது. ஏற்றத்தில் வண்டி தயங்கும்போது, கியர் மாற்றுவதற்கு முன்பே என்ஜின் தானாக இறுக்கிப் பிடிப்பது இந்த 25 சதவீதத்தால்தான். ஜிடி3-க்கு இதே கணக்கைப் போட்டால் 10 சதவீதத்தைச் சற்றே தாண்டுகிறது. இரண்டு லாரிகளுக்கிடையே முடிவு செய்ய முடியாமல் நின்றால், குதிரைத்திறனில் பத்து கூடுதலாக உள்ளதைவிட இந்த முறுக்குவிசைக் கூடுதல் அதிகமாக உள்ளதைத் தேர்ந்தெடுங்கள் என்றே நான் சொல்வேன்.

பிறகு பின் அச்சின் விகிதம். பலரும் கேட்க மறக்கும் எண் இதுதான். நடைமுறையில் என்ஜினைவிட இதுவே வண்டியின் குணத்தை மாற்றுகிறது. பின் அச்சின் பெரிய பல்சக்கரமான கிரவுனில் 37 பல்லும், அதைச் சுழற்றும் சிறிய பல்சக்கரமான பினியனில் 7 பல்லும் இருந்தால் விகிதம் 5.29, 41-க்கு 6 என்றால் 6.83. லாரிச் சக்கரத்தின் சுற்றளவை 3.2 மீட்டர் என்று கொண்டால், 60 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 312 முறை சுற்றுகிறது. உச்சக் கியர் நேரடியாக (ஒன்றுக்கு ஒன்று) இருக்கும்போது, முதல் விகிதத்தில் என்ஜின் 1,650 சுழற்சியில் ஓடும். இரண்டாவதில் 2,130-க்கு மேல். காரைக்குடியிலிருந்து தேவகோட்டை வழியாக இராமநாதபுரம், திருமயம் வழியாகத் திருச்சி என்று சமதளத்திலேயே பிழைப்பு நடத்துகிறவருக்கு 6.83 விகிதம் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் டீசலை வீணாக்கும். ஜல்லி, கிராவல் ஏற்றிக் குவாரிப் பள்ளத்திலிருந்து ஏறி வரும் டிப்பருக்கு அதே 6.83தான் சரி. பழைய வண்டி வாங்கும்போது பதிவுச் சான்றில் இந்த விகிதம் இருக்காது. வண்டியைச் சீராக 60-இல் ஓட்டச் சொல்லி, சுழற்சி மீட்டரைப் பார்த்துத் திருப்பிக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

கியர்களின் எண்ணிக்கையும் இதிலிருந்து புரியும். லாரிக்குப் பயன்படும் சுழற்சி வீச்சு 1,000 முதல் 1,800 வரை, இரண்டு மடங்குகூட இல்லை. ஆகவே கியர்கள் நெருக்கமாக இருக்க வேண்டும். ஒரு கியர் ஏற்றினால் 1,700-இலிருந்து 1,260-க்கு வந்து நிற்குமாறு அமைத்தால், எட்டு, ஒன்பது கியர் தேவைப்படுகிறது. ஸ்போர்ட்ஸ் கார் 3,000 முதல் 9,000 வரை மூன்று மடங்கு வீச்சை வைத்திருப்பதால், ஆறோ ஏழோ அதற்குப் போதும்.

ஓட்டும்போது

புதுவயல் ஆலை ஒன்றின் வாசலில், பாரம் ஏற்றிய பத்துச் சக்கர வண்டி முற்றத்திலிருந்து தார்ச்சாலைக்கு ஏறுவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். வாசலில் ஓர் அடி உயரத்துக்குச் சரிவு இருக்கும். அனுபவமுள்ள ஓட்டுநர் முதல் கியருக்கும் கீழே உள்ள கிராலர் கியரைப் போட்டு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை முற்றிலும் எடுத்துவிட்டு, கிளட்ச்சை மெல்ல விடுவார். மீட்டர் முள் 700-இலிருந்து 600-க்குச் சரியும். அந்த நொடியில் என்ஜினின் ஓசை தடிக்கும். முள் மீண்டும் மேலே நகரும். வண்டி குலுக்கலின்றி ஊரத் தொடங்கும். பழகாத பையன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து "மிதிக்கலையாண்ணே?" என்று கேட்டால், "எதுக்குடா, அதுவே பார்த்துக்கும்" என்பார். சுழற்சி குறைந்ததை உணர்ந்து கவர்னர் தானாக டீசலைக் கூட்டிக் கொடுப்பதுதான் இங்கே நடப்பது. 600 சுழற்சியில், பத்துக்கு ஒன்று என்ற கியரிலும் 5.86 போன்ற அச்சு விகிதத்திலும் வண்டியின் வேகம் மணிக்கு இரண்டு கிலோமீட்டர்; பிடித்த மறுகணமே கிளட்ச்சை முழுதாக விட்டுவிடலாம். கார் பழக்கத்தில் சுழற்சியை 1,500-க்கு ஏற்றிவிட்டுக் கிளட்ச்சைத் தேய்த்து எடுத்தால் தட்டு கருகும். மேலே ஆத்தங்குடிக் கல் இருந்தால் முதல் உதறலிலேயே சில கற்கள் விரிசல் விடும்.

சமதளத்தில் 1,200 முதல் 1,600 சுழற்சிக்குள் வைத்து ஓட்டுங்கள். பல வண்டிகளில் மீட்டரின் பச்சைப் பட்டை இதை ஒட்டியே இருக்கும். ஏற்றத்தில் முள் 1,200-ஐ நெருங்கும்போது கியரைக் குறையுங்கள். 900 வரை இறங்க விட்டு மிதித்துக்கொண்டே இருந்தால், டர்போ போதிய காற்றைத் தராத நிலையில் டீசல் மட்டும் கூடுகிறது, புகை கறுக்கிறது, புகைக்குழாயின் வெப்பம் ஏறி, பிஸ்டனும் டர்போவும் அடி வாங்குகின்றன. அதற்காக 2,300 வரை விரட்டவும் வேண்டாம். அங்கே முறுக்குவிசை குறைவு, டீசல் அதிகம்.

இறக்கத்தில் இந்த விதி தலைகீழாகிறது. பெட்ரோல் காரில் ஆக்சிலரேட்டரை விட்டால் காற்று வழி மூடிக்கொண்டு, என்ஜினே வண்டியைப் பிடிக்கும். டீசல் என்ஜின்களில் அப்படிக் காற்றை அடைத்துப் பிடிக்கும் பழக்கம் இல்லாததால், அதன் பிடிப்பு பலவீனம். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் புகைக்குழாயை அடைக்கும் எக்சாஸ்ட் பிரேக். அது சுழற்சி கூடினால்தான் நன்றாகப் பிடிக்கும். ஆகவே ஏறின கியரிலேயே அல்லது அதற்கும் ஒன்று கீழே இறங்கி, முள் 2,000-ஐ ஒட்டி நிற்கட்டும் என்று விடுங்கள். சிவப்புப் பட்டையை மட்டும் தொட விடாதீர்கள். இறக்கத்தில் சக்கரமே என்ஜினைச் சுழற்றுகிறது. கவர்னர் டீசலை நிறுத்தலாமே தவிர சுழற்சியை நிறுத்த முடியாது. கனத்த பாகங்களோடு அளவு மீறிச் சுழன்றால் வால்வு பிஸ்டனில் மோதும்.

மலை ஏறி முடித்து நிறுத்தியதும் சாவியை உடனே திருப்பாமல் இரண்டு, மூன்று நிமிடம் வெறுமனே ஓட விடுங்கள். பழுக்கச் சூடேறிய டர்போவின் அச்சுக்கு ஆயில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதற்கு மேல் வேண்டாம். 2020 ஏப்ரல் முதல் தேதிக்குப் பின் வந்த பிஎஸ்-6 (புகை மாசு விதி) வண்டிகளில், நீண்ட நேரம் வெறுமனே ஓட்டினால் புகைவடிகட்டி கரியால் அடைத்துக்கொள்ளும்.

பம்பை ஏற்றலாமா

பழைய மெக்கானிகல் பம்ப் வண்டிகளில் திருகைத் திருப்பி டீசலைக் கூட்டுவதும், புதியவற்றில் கணினியில் அளவை மாற்றி எழுதுவதும் ஒன்றுதான். காரில் இதைச் செய்தால், அந்தக் கூடுதல் திறனை வாரத்தில் சில நிமிடங்கள்தான் யாரும் பயன்படுத்துவார்கள், ஏதோ தப்பித்துக்கொள்ளும். லாரியில் குமுளி ஏற்றம் முழுவதும் அதைக் கேட்பீர்கள். சிலிண்டர் அழுத்தமும் புகை வெப்பமும் வடிவமைத்தவர் விட்டுவைத்த இடைவெளியை மணிக்கணக்கில் தின்னும். கியர்ப்பெட்டியும் கிரவுனும்கூட 950 நியூட்டன் மீட்டரை மனத்தில் வைத்தே செய்யப்பட்டவை. உற்பத்தியாளர் குறித்த அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது, உத்தரவாதமும் போய்விடும். சைலன்சரை மாற்றிச் சத்தத்தைக் கூட்டுவதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, சத்தம்தான் கூடும்.

இழுவை குறைந்துவிட்டது என்று தோன்றினால் முதலில் காற்றைப் பாருங்கள். அரிசி ஆலை முற்றத்தில் பறக்கும் உமித்தூசியும், சிங்கம்புணரிப் பக்கம் கயிறு ஆலைகளின் நார்த்தூசியும் ஏர் ஃபில்டரையும், டர்போ தரும் காற்றைக் குளிர்விக்க ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் இன்டர்கூலரின் இடுக்குகளையும் அடைத்துவிடும். வெளிப்பார்வைக்குச் சுத்தமாகத் தெரியும். உள்ளே விளக்கடித்துப் பார்த்தால் கம்பளி போல் படிந்திருக்கும். காற்று குறைந்தால் முறுக்குவிசை குறையும், புகை கறுக்கும். சித்திரை வெயிலில் காற்றே மெலிந்திருக்கும்போது இது இன்னும் மோசம். உள்பக்கத்திலிருந்து வெளியே தள்ளுமாறு மிதமான அழுத்தத்தில் காற்றடித்துச் சுத்தம் செய்தாலே, பலருக்குப் பம்பைத் தொட வேண்டிய அவசியம் இராது.

  

பழைய லாரி வாங்குகிறவர், முந்தைய உரிமையாளர் பம்பை ஏற்றியிருக்கிறாரா என்பதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. காலையில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே போங்கள்; விற்பவர் முன்பே சூடேற்றி வைத்திருந்தால் அதையே ஒரு குறிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். மெல்லிய ஆவி வரலாம், ஆனால் மூடியைத் தூக்கி எறிவது போல் குபுகுபுவென்று புகை தள்ளினால், ரிங்குகளும் லைனரும் தேய்ந்துவிட்டன. பிறகு என்ஜினை நிறுத்திவிட்டு, ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றி டர்போவின் சுழலியை விரலால் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் இலேசான ஆட்டம் இருக்கலாம், இறகு உறையில் உரசக் கூடாது. கடைசியாக, பாரத்தோடுதான் ஓட்டிப் பார்ப்பேன் என்று உறுதியாகச் சொல்லுங்கள். மேம்பால ஏற்றம் ஒன்றில் ஒரு கியர் மேலே வைத்து, 1,300 சுழற்சியில் முழுதாக மிதிக்கச் சொல்லி, கண்ணாடியில் புகையைக் கவனியுங்கள். டர்போ பிடிக்கும்வரை ஒரு கணம் கறுத்துப் பின் தெளிந்தால் சரி. ஏற்றம் முழுவதும் கறுப்பாகவே கக்கினால், நாசிலையும் பம்பையும் கழற்றிச் சோதிக்கச் சம்மதம் கேளுங்கள். விற்பவர் தயங்கினால் அடுத்த வண்டியைப் பார்க்கப் போகலாம்.